மின்சாரப் பிரஷ்: கைக்கு ஒரு கணக்கு, பைக்கு ஒரு கணக்கு

மின்சாரம் நம் வீடுகளுக்குள் புகுந்த நாள் முதலாக அது செய்த உபகாரங்களில் தலையாயது நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்ததுதான் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க நியாயமில்லை. அம்மியின் முன்னால் அரை மணி நேரம் குனிந்திருந்தவர்களை மிக்ஸி இரண்டே நிமிஷத்தில் நிமிர வைத்தது. ஆட்டுரலில் கழிந்த சாயங்காலங்களைக் கிரைண்டர் மீட்டுக் கொடுத்தது. அந்த வரிசையில் கடைக்குட்டியாக வந்து சேர்ந்திருக்கும் மின்சாரப் பல் பிரஷ் மட்டும் குலத்துக்கு மாறான ஒரு யந்திரம். முக்கால் நிமிஷத்தில் நுரை கொப்பளித்துத் துப்பிவிட்டுக் காபிக்கு ஓடிக்கொண்டிருந்த மனிதனை அது பிடித்து நிறுத்தி, முழுசாக இரண்டு நிமிஷம் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைக்கிறது. காசையும் வாங்கிக்கொண்டு நேரத்தையும் வாங்கிக்கொள்கிற இந்தச் சாதனத்தை ஒரு குடும்பஸ்தன் எதற்காக வாங்க வேண்டும் என்ற கேள்வி, பல் மருத்துவத்தைப் பற்றியது போலவே குடும்பக் கணக்கைப் பற்றியதும் ஆகும்.

கணக்கு சிறியதல்ல. நாற்பது ஐம்பது ரூபாய்க்குச் சாதாரண பிரஷ் கிடைக்கும் கடைகளிலேயே இன்று, சிறு பேட்டரி போட்டு ஓட்டுகிற பிரஷ் சில நூறு ரூபாய்க்கும், சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்துவது இரண்டாயிரம் மூவாயிரத்துக்கும் கிடைக்கிறது. கைப்பேசியோடு பேசிக்கொள்கிற உயர்ரக வகைகளோ பதினாயிரத்தையும் தாண்டிப் போகின்றன. இந்த விலைகளை எடைபோடுவதற்கு முன்னால், பிரஷ் என்ற பொருள் வாயில் எந்தக் காரியத்தைச் செய்வதற்காக அனுப்பப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது உசிதம்.

பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் படிந்துகொண்டே இருக்கிறது. எச்சிலிலுள்ள புரதங்களின் மேல் கிருமிகள் குடியேறி, நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் தாமும் தின்று, அமிலத்தைக் கக்குகின்றன. மனித சரீரத்திலேயே மிகக் கடினமான பொருளாகிய பல் எனாமல், அந்த அமிலத்தில் நாளடைவில் கரைந்து சொத்தையாகிறது. ஈற்றின் ஓரமாகத் தங்கிவிட்ட படலமோ வேறொரு வழியில் தீங்கு செய்கிறது. முதலில் ஈறு சிவந்து வீங்குகிறது. பிரஷ் பட்டால் ரத்தம் கசிகிறது. அப்படியே விட்டுவைத்தால், பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பே மெல்ல மெல்லக் கரைந்து இறங்குகிறது. இந்தப் படலம் மிருதுவாக இருக்கும்வரைதான் பிரஷ்ஷுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது காரையாக இறுகிவிட்டதென்றால், நாற்பது ரூபாய் பிரஷ்ஷும் நாற்பதினாயிரம் ரூபாய் பிரஷ்ஷும் ஒன்றுதான். பல் மருத்துவரின் கருவி ஒன்றே அதைப் பெயர்க்கும்.

படலத்துக்கும் ஈறு நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை ஐயமற நிரூபித்த பரிசோதனை 1965ஆம் வருஷத்தில் டென்மார்க்கிலிருந்து வெளிவந்தது. ஹரால்ட் லோ என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும், ஆரோக்கியமான ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளில் சிலருக்கும், மூன்று வாரத்துக்குள் மற்றவர்களுக்குமாக, ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி கண்டது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரத்தளவில் அது தணிந்தும் போயிற்று. மருத்துவத்தில் காரணமும் காரியமும் இவ்வளவு வெளிப்படையாகக் கைகோத்து நிற்கும் காட்சி அபூர்வம்.

இதே லோவின் பெயரோடு சேர்ந்த இன்னோர் ஆராய்ச்சி நம் ஜனங்களையே பற்றியது. ஆனாலும் நம்மில் அதை அறிந்தவர்கள் சிலரே. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளிகள் 480 ஆண்களை, 1970 முதல் 1985 வரை பதினைந்து வருஷ காலம், பல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சென்று பரிசோதித்தார்கள். பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ எட்டாதவர்கள் என்பதாலேயே அந்த மனிதர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கவனிப்பே இல்லாத வாயில் ஈறு நோய் தன் போக்கில் எப்படி வளருகிறது என்று அறிவதற்கு, கவனிப்பே கிடைக்காத ஏழைகள் தேவைப்பட்டார்கள் என்பது விஞ்ஞானத்துக்குப் பெருமை தருகிற விஷயமா என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். கிடைத்த முடிவு மாத்திரம் மறக்க முடியாதது. அவர்களிடம் சொத்தைப் பல் என்பதே அநேகமாக இல்லை. ஈறு நோயால்தான் பற்களை இழந்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் வாயிலிருந்த எல்லாப் பற்களும் போய்விட்டன. 81 பேருக்கு மிதமாக வளர்ந்து, அதே வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. மிச்சமுள்ள 11 பேரோ, அதே காரை, அதே படலம், அதே ஏழ்மை எல்லாம் இருந்தும், பல் போகாமலே தப்பித்தார்கள்.

பிரஷ்ஷின் விலையைப் பற்றி யோசிக்கிறவன் இந்தத் தோட்டங்களை ஒரு தரம் மனத்தால் சுற்றி வருவது நல்லது. பல் துலக்குகிறவனுக்கும் துலக்காதவனுக்கும் இடையே இருக்கும் இடைவெளி எத்தனை பெரியது என்பதும், தினந்தோறும் துலக்குகிற இருவரில் ஒருவன் கையில் மோட்டார் இருப்பதால் ஏற்படும் வித்தியாசம் அதற்குள் எவ்வளவு சிறிய பங்கு என்பதும் அங்கே புலப்படும். ஜன்மத்தோடு வந்த சரீர வாகு ஒன்று இருக்கிறது என்பதும், அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை என்பதும்கூட அங்கேதான் புலப்படுகின்றன.

இனி யந்திரத்துக்கு வருவோம். மின்சாரப் பிரஷ் 1954இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. பிலிப் கீ வூக் என்ற மருத்துவர் அதை உருவாக்கினார். பிராக்சோடென்ட் என்பது அதன் பெயர். யாரை உத்தேசித்து அவர் அதைச் செய்தார் என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. கைகளைச் சரிவர அசைக்க இயலாத நோயாளிகளும், பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டவர்களுமே அவர் மனத்தில் இருந்தவர்கள். முதல் பிரஷ் சுவரிலிருந்த மின்சாரத்தில் நேராகவே சொருகப்பட்டது. ஈரக் கையும் ஈரத் தரையுமான குளியலறையில் அது எவ்வளவு அபாயமான ஏற்பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வகையைக் கொண்டுவந்தது. இப்போது கடையில் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு குடும்பங்களும் தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வந்தவை. வட்டமான சிறு தலை இப்படியும் அப்படியும் அரைச் சுழல் சுழலுகிற ஓரல்-பி ஒரு குடும்பம். நீண்ட தலை, நிமிஷத்துக்கு 31,000 தடவை பக்கவாட்டில் அதிர்கிற சோனிகேர் இன்னொன்று. இவ்விரண்டில் எது உயர்ந்தது என்ற தர்க்கம் வியாபாரிகளுக்கு வாழ்வாதாரம். வாங்குகிறவனுக்கு அதனால் பெரிய லாபமில்லை.

சார்ஜரின் மேல் பிரஷ்ஷை நிறுத்தும்போது உலோகத்தோடு உலோகம் எங்கும் தொடுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சார்ஜருக்குள் ஒரு கம்பிச் சுருள். பிரஷ்ஷின் அடியில் இன்னொரு சுருள். ஒன்றில் மின்சாரம் மாறி மாறிப் பாய, அதனால் எழும் காந்த சக்தி பிளாஸ்டிக்கைக் கடந்து மற்றதில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த தத்துவம் பல் துலக்கும் இடத்திலே வந்து குடியிருக்கிறது! இதன் பலனாகவே பிரஷ்ஷை நீர் புகாதபடி முழுசாக மூடிவிட முடிந்தது. அப்படி மூடியதன் இன்னொரு பலனைப் பின்னால் சொல்லுகிறேன்.

பலன் உண்டா என்ற கேள்விக்குப் பக்ஷபாதமில்லாத பதில் ஒன்று இருக்கிறது. மருத்துவப் பரிசோதனைகளையெல்லாம் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, 1964 முதல் 2011 வரை நடந்த 56 பரிசோதனைகளை, 5,068 பேர் பங்குகொண்டவற்றை, ஒன்றுசேர்த்து 2014இல் வெளியிட்ட முடிவு இது: மின்சாரப் பிரஷ் உபயோகித்தவர்களிடம் பல் படலம், முதல் மூன்று மாதத்துக்குள் நூற்றுக்கு 11 பங்கும், அதற்குமேல் 21 பங்கும் குறைவாக இருந்தது, ஈறு அழற்சி முறையே 6 பங்கும் 11 பங்கும் குறைந்திருந்தது. ஈறுக்குப் பெரிய தீங்கு எதுவும் காணப்படவில்லை. ஆகவே, பலன் இருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் இந்த எண்கள் படலத்தையும் அழற்சியையும் அளக்கும் குறியீட்டு எண்களே தவிர, நூற்றில் இத்தனை பல் பிழைத்தது என்ற கணக்கல்ல. நீண்ட காலத்தில் இந்த வித்தியாசம் பல்லின் ஆயுளுக்கு எவ்வளவு உதவும் என்பது தெளிவாகவில்லை என்று அந்த ஆய்வாளர்களே நேர்மையாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் போமரேனியா பிரதேசத்தில் 11 வருஷ காலம் நடந்து 2019இல் வெளியான ஆராய்ச்சியோ, மின்சாரப் பிரஷ்காரர்களிடம் ஈறு நோய் வளரும் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாயிருந்தது என்கிறது. அங்கே யாரும் சீட்டுக் குலுக்கிப் பிரஷ்ஷைக் கொடுக்கவில்லை. அவரவர் தாமே வாங்கிக்கொண்டார்கள். விலையுயர்ந்த பிரஷ்ஷை விரும்பி வாங்குகிறவன் பல்லின்மேல் அக்கறையும் கையில் பணமும் உள்ளவனாகவே பெரும்பாலும் இருப்பான். ஆய்வாளர்கள் எவ்வளவுதான் கணக்கில் கழித்தாலும் அந்த அக்கறையின் பலனில் ஒரு பங்கு பிரஷ்ஷின் பேரில் எழுதப்பட்டுத்தான் இருக்கும்.

என் அபிப்பிராயத்தில், மோட்டாரைவிட மேலான இரண்டு காரியங்களை இந்த யந்திரம் செய்கிறது. ஒன்று, முப்பது விநாடிக்கொரு தரம் ஒரு குலுக்குக் குலுக்கி, மேல் வரிசை கீழ் வரிசை, வலம் இடம் என்று வாயை நான்காகப் பங்கிட்டுக் கொடுப்பது. இரண்டாவது, பல்லின்மேல் அழுத்தம் மிகுந்தால் விளக்கெரித்தோ வேகம் தணித்தோ எச்சரிப்பது. பாத்திரம் விளக்குகிற ஆவேசத்தோடு குறுக்கே தேய்த்துத் தேய்த்து, ஈறு இறங்கி, பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சமெடுத்துத் துடிக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை ஒன்றே கொடுத்த விலைக்கு ஈடாகலாம். ஆனால் விலை குறைந்த பேட்டரி வகைகளில் இந்த அழுத்தக் காவல் பெரும்பாலும் இருப்பதில்லை. வாங்கியவர்களும் பழைய வழக்கம் போகாமல், சுழலுகிற தலையைப் பிடித்துக்கொண்டு கையாலும் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு பல்லின்மேலும் சும்மா வைத்து, மெல்ல நகர்த்தினால் போதும் என்ற முதல் பாடமே சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை.

விளம்பரங்கள் வெண்மையைப் பற்றிச் சொல்லுவதை நம்புவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். வெற்றிலையும் தேநீரும் காபியும் வெளியே பூசிய கறையை இந்தப் பிரஷ் ஓரளவு போக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலத்தடி நீரிலுள்ள மிகையான புளோரைடு குழந்தைப் பருவத்திலேயே எனாமலுக்குள் எழுதிவிட்ட பழுப்புக் கறையை எந்தப் பிரஷ்ஷும் போக்காது. அதற்குப் பரிகாரமாக வந்தது ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம். அதுவும் பிறக்கப்போகும் பற்களுக்குத்தான்.

பணக் கணக்கைப் பார்ப்போம். சார்ஜ் ஏற்றும் பிரஷ் ஒன்று 2,500 ரூபாய், ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பிரஷ்ஷின் தலையை மூன்று மாதத்துக்கொரு தரம் மாற்ற வேண்டும். ஒன்று 350 ரூபாய் என்றால், முதல் தலை கூடவே வருவதால் பாக்கி 19 தலைகளுக்கு 6,650 ரூபாய். ஆக மொத்தம் 9,150. சாதாரண பிரஷ் 40 ரூபாய் வீதம் இருபது வாங்கினால் 800. வித்தியாசம் 8,350, மாதத்துக்கு 140 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வருகிறது. ஒரு பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போடுவதற்குத் தனியார் மருத்துவமனைகளில் ஆகும் பல ஆயிரத்தோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய தொகையல்ல என்று வாதிக்கலாம். அந்த யந்திரம் அந்த ஒரு பல்லைக் காப்பாற்றியே தீரும் என்ற உத்தரவாதம் இருந்தால் வாதம் நிற்கும்.

கைப்பிடி ஒன்று, தலைகள் நாலு என்று குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. தாராளமாகச் செய்யலாம்; அடையாளத்துக்கு வர்ணவர்ண வளையங்களோடுகூடத் தலைகளை விற்கிறார்கள். ஆனால் அதில் எதிர்பார்க்கிற அளவு மிச்சமில்லை. நாலு பேருக்குத் தனித்தனியாக 36,600 ஆகும் செலவு, ஒரே கைப்பிடியானால் 30,150. குறைவது 6,450 மாத்திரம். ஏனென்றால் செலவு கைப்பிடியில் இல்லை, தலைகளில் இருக்கிறது. பெட்டியின்மேல் தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள், அதே கம்பெனியின் தலைகள் என்ன விலை, நம் ஊர்க் கடையில் கிடைக்குமா, ஆன்லைனில் வரவழைத்தால் அசல்தானா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். தலை கிடைக்காத பிரஷ்ஷைச் சில மாதம் உபயோகித்துவிட்டு, விரிந்து கலைந்த இழைகளோடு அப்புறமும் தேய்த்துக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு. புதிய சாதாரண பிரஷ்ஷே அதைவிட நன்றாக வேலை செய்யும்.

நீர் புகாமல் மூடியதன் இன்னொரு பலன் என்று மேலே குறிப்பிட்டேன். பெரும்பாலான வகைகளில் உள்ளேயிருக்கும் பேட்டரியை மாற்ற வழியில்லை. மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ கழித்து அது சக்தி இழந்ததும், பழுதில்லாத மோட்டாரும் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது. அதுவும் சாதாரணக் குப்பையல்ல, மின்னணுக் கழிவு. ரேடியோவையும் மின்விசிறியையும் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துத் தலைமுறைக்கணக்கில் ஓட்டிய நமக்கு இந்த ஏற்பாடு உறுத்தத்தான் வேண்டும்.

பின் யார்தான் வாங்குவது? இதற்குப் பதில், வூக் என்ற அந்த மருத்துவர் ஆரம்பத்தில் யாரை நினைத்தாரோ அவர்கள்தாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிப் போன பாட்டி, நடுக்கவாதத்தில் கை ஒரு நிலையில் நில்லாத பெரியவர், பக்கவாதத்துக்குப் பின் இடக்கையாலேயே எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் ஆகிய இவர்களுக்கு அந்தப் பருத்த கைப்பிடியே ஒரு பெரிய சகாயம். பிடித்து வாயில் வைத்தால் போதும், மிச்சம் யந்திரத்தின் பொறுப்பு. படுக்கையிலிருக்கும் மாமியாருக்கோ தகப்பனாருக்கோ தம் கையால் பல் துலக்கிவிடும் பெண்களுக்கு அது இன்னும் பெரிய சகாயம். பிறர் வாய்க்குள் பிரஷ்ஷைச் செலுத்தித் தேய்ப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். முதுமையில் பல் போவதென்றால் சிரிப்புப் போவது மட்டுமல்ல. முருங்கைக்காயும் வேர்க்கடலையும் போய், குழைந்த சாதமும் ரசமுமாகச் சாப்பாடு சுருங்குவதும்தான். அந்த வயதில் ஒரு பல்லைக் காத்துக் கொடுக்கிற செலவை வீணென்று சொல்ல எனக்கு மனம் வராது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறவர்கள் மட்டும், சார்ஜரில் காந்தப் புலம் இருப்பதால், தங்கள் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இந்தப் பட்டியலில் சேர்கிறார்கள். கம்பிக்கும் ஈறுக்கும் நடுவே சிக்கியதை எடுக்கச் சாதாரண பிரஷ்ஷோடு போராடும் பொறுமை அந்த வயதில் எத்தனை பேருக்கு உண்டு?

கையும் விரலும் நன்றாயிருந்து, மெல்லிய இழைகளுள்ள பிரஷ்ஷை ஈற்றின் விளிம்பில் சாய்த்து வைத்து, அவசரமில்லாமல் இரண்டு நிமிஷம் துலக்குகிறவர்கள் இதை வாங்க வேண்டிய அவசியம் எதையும் நான் காணவில்லை. அவர்கள் பணம் பாக்கியிருந்தால் அதைப் பற்களின் இடுக்கைச் சுத்தம் செய்யும் சிறு பிரஷ்களிலோ நூலிலோ செலவிடலாம். எந்தப் பிரஷ்ஷின் இழையும், மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரு பற்கள் ஒட்டிநிற்கும் சந்தில் நுழைவதில்லை. புளோரைடு சேர்ந்த பற்பசைதான் சொத்தையைத் தடுப்பதில் முக்கால் வேலையையும் செய்கிறது. அது பத்து ரூபாய் டியூபிலும் கிடைக்கிறது.

இதற்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. நம் வீடுகளில் பல் துலக்குவது காலைக் கடன்களில் ஒன்று. எழுந்தவுடன், காபிக்கு முன்னால். இரவில் சாப்பிட்டபின் துலக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இன்னும் ஏற்படவில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துபோகிறது; அமிலத்தைக் கழுவிவிட ஆளில்லாத அந்த ஏழெட்டு மணி நேரம்தான் கிருமிகளுக்கு முழுச் சுதந்திரம். ஒன்பது மணிக்குப் பாலும் பிஸ்கட்டும் தின்றுவிட்டு அப்படியே படுக்கிற பிள்ளைக்குக் காலையில் மூவாயிரம் ரூபாய் யந்திரத்தால் துலக்கிவிடுகிற தாயாரிடம், இரவில் இருபது ரூபாய் பிரஷ்ஷால் ஒரு தரம் துலக்கச் சொன்னால் அவர் சந்தேகக் கண்ணோடுதான் நம்மைப் பார்ப்பார். விற்கிறவர்கள் அதைச் சொல்லப்போவதில்லை. அதில் அவர்களுக்கு ஆதாயம் இல்லை.

எல்லாம் யோசித்த பிறகும் வாங்குவதென்று தீர்மானித்தால், விலைப் பட்டியலின் மேல் தட்டைப் பார்க்க வேண்டாம். காக்ரேன் தொகுத்த பரிசோதனைகள் நடந்த காலத்தில் கைப்பேசியோடு பேசும் பிரஷ் எதுவும் கிடையாது. அப்போது பலன் தந்தது மோட்டாரும் இழைகளும்தான். இரண்டு நிமிஷக் கடிகாரமும் அழுத்தக் காவலும் உள்ள நடுத்தர விலைப் பிரஷ் ஒன்று, தலைகள் அக்கம்பக்கத்தில் கிடைக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் போதும். வீட்டில் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், அதை ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளையிடம் கொடுத்துவிடாமல், கேட்கத் தோன்றாத பாட்டியின் கையில் கொடுங்கள். முதல் வாரம் மட்டும் பக்கத்தில் நின்று, வாய்க்குள் வைத்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லித் தரவேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பேஸ்ட் முழுவதும் கண்ணாடிமேல் தெறிக்கும்.